மூன்று முறை கேட்டோம்

நேற்று விசாரணையில் சாட்சி சொன்ன பேராசிரியர் மதிவாணன் நன்றாகத்தான் பேசினார். கணீரென்ற குரல், வளவளவென்று இழுக்கவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது, மேடம். ஒரே ஒரு இடத்தில்தான் தவறாகச் சொல்லிவிட்டார். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருவாரூருக்கு வந்தேன். மழை விட்டிருந்ததால் உட்கார இடமும் கிடைத்தது.

புன்னைவெளிக்குள் வெள்ளம் புகுந்த அன்று அந்த ஊரின் குரல் ஏன் வயர்லெஸ் ரேடியோவில் வரவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். ரிப்பீட்டரில் பொருத்தமில்லாத ஃபில்டர் போடப்பட்டிருந்தது என்றார் அவர். போட்டவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஹரிஹரசுப்ரமணியன், வயதானவர், கவனக்குறைவாகத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்றார். நீங்களும் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குக் காது சுட்டது. வயதானவர் என்றது பரவாயில்லை. ஆனால் மலையுச்சியிலும் மொட்டைமாடியிலுமாக வாழ்நாள் முழுக்க ரிப்பீட்டர் வைத்துக்கொடுத்தவன் நான். ஃபில்டர் தேர்வில் என்னை ஒருவரும் குறை சொன்னது கிடையாது.

விளங்கும்படி சொல்கிறேன். ரிப்பீட்டர் என்பது உயரத்தில் வைத்த ஒரு காதும் ஒரு வாயும். கையில் பிடிக்கும் சின்ன செட்டின் குரல் கொஞ்ச தூரத்திலேயே களைத்துவிடும். ரிப்பீட்டர் அதைக் கேட்டு, அதே நொடியில் உரக்க எல்லோருக்கும் திருப்பிச் சொல்லும். காதும் வாயும் ஒரே இடத்தில் இருப்பதுதான் தொல்லை. கல்யாண வீட்டில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கொல்லையிலிருந்து யாரோ கூப்பிடுவதைக் கேட்பது மாதிரி. அதற்காகத்தான் கேவிட்டி என்ற உலோகக் குழல்களைப் போடுகிறோம். இடுப்புயரக் குழல், உள்ளே ஒரு தண்டு, மற்றபடி வெறும் காற்று. தண்டை ஏற்றி இறக்கினால், குழல் எந்தக் குரலை உள்ளே விடும், எதை வாசலிலேயே நிறுத்தும் என்பது மாறும். எந்த இடத்துக்கு எந்த வகை, எத்தனை என்று தீர்மானிப்பதுதான் என் தொழில். எங்கள் ரிப்பீட்டர் அரிசி ஆலைக் கோபுரத்தில் இருந்தது. அதே கோபுரத்தில் ஒரு பண்பலை நிலையம் நாள் முழுக்கப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே புன்னைவெளியின் மெல்லிய குரல் கேட்க வேண்டுமென்றால் இரண்டு நல்ல கேவிட்டிகள் வேண்டும். அவற்றைத்தான் நான் முதலில் போட்டிருந்தேன்.

எங்கள் ஊர் சிவகாமிமங்கலம் மேட்டில் இருக்கிறது. புன்னைவெளி எங்களுக்குக் கீழே, கடலோரம். மழைக்காலத்தில் எங்கள் வயலில் தேங்கும் தண்ணீர் வடிகாலில் இறங்கி, புன்னைவெளியைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு ஷட்டர் உண்டு. கடல் ஏறி நிற்கும்போது ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் கடலுக்குப் போகாது, புன்னைவெளிக்குள் போகும். தூக்காவிட்டால் மங்கலத்துச் சம்பா அழுகும். என் தாத்தா காலத்தில் இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஷட்டர் எங்கள் பக்கம் இருந்தது, தூக்கினார்கள். புன்னைவெளிக்காரர்கள் எங்கள் வயலில் வேலை செய்தவர்கள், அழுகுவதற்கு அவர்களுக்கென்று பயிர் கிடையாது. இன்று அவர்களுக்கும் நிலம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, பாசனதாரர் சங்கத்தில் ஓட்டும் இருக்கிறது. அதனால் சங்கத்தில் ஒரு வழக்கம் வந்தது.

ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் ரேடியோவில் கீழே மூன்று முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு, ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். கீழேயிருந்து ஆட்சேபணை வந்தால் ஷட்டரைத் தொடவே கூடாது. மூன்று முறைக்கும் பதில் வராவிட்டால் தூக்கலாம். மௌனம் சம்மதம். கஜா புயலில் செல்போன் டவர்கள் சாய்ந்து ஊமையாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் என்பதால், போனில் கேட்பது செல்லாது, ரேடியோவில் கேட்டால்தான் செல்லும் என்று முடிவு செய்தார்கள். லைசென்ஸுக்கு அலைந்து, செட் வாங்கி, ரிப்பீட்டர் வைத்துக்கொடுத்தவன் நான்தான். கீழே இருப்பவர்களைக் கேட்டுவிட்டுச் செய்வதில் எனக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

புன்னைவெளியில் செட்டை வைத்துக்கொண்டிருந்தவள் எழில்மொழி. என் அப்பாவின் வயலில் நாற்றுப் பறித்த வைரக்கண்ணுவின் மகள். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செட்டும் நூலகத்தில்தான் இருந்தது. சங்கத்திலேயே ரேடியோவில் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் பட்டனை அழுத்துவதற்கு முன்பே பேச ஆரம்பித்து, பேச்சு முடிவதற்குள் கையை எடுத்துவிடுவார்கள். பாதி வார்த்தைதான் வந்து சேரும். அவள் அழுத்துவாள், ஒரு மூச்சு விடுவாள், அப்புறம்தான் பேசுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருஷம்தான் நான் சென்னையை விட்டு ஊருக்குத் திரும்பி, குத்தகையில் கிடந்த நிலத்தை மீட்டு, முதல்முறையாக நானே சாகுபடி செய்தேன். பொன்மணி நெல். தூர் கட்டி நின்ற அழகைப் பார்க்க என் மனைவி ஆனந்தம் தினமும் வரப்புக்கு வருவாள். கார்த்திகையில் கனமழை பிடித்தது. ஷட்டர்க்காரன் செழியன் ரேடியோவில் கேட்டான். முதல் தடவையிலேயே எழில்மொழி பதில் சொல்லிவிட்டாள்.

“ஆட்சேபணை இருக்குண்ணே. கடல் ஏறி நிக்குது. தூக்காதீங்க.”

மறுநாள் கேட்டான், அதே பதில். அதற்கு மறுநாளும் அதே. தண்ணீர் வடிந்தபோது வயலில் பயிர் இல்லை, கறுப்பாக ஏதோ படுத்துக்கிடந்தது. அந்த வாடை தை மாதம் வரை வீட்டுக்குள் இருந்தது. பொங்கல் பானையில்கூட எனக்கு அந்த வாடைதான் வந்தது. ஆனந்தம் அப்படியொன்றும் இல்லை என்றாள்.

அவள் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். எழில்மொழியைச் சொல்கிறேன். “சார், உங்க வயல நெனச்சா மனசே ஆற மாட்டேங்குது சார். முதல் தடவை நட்டீங்க. வேற வழியில்லாமத்தான் வேணாம்னு சொன்னேன்” என்றாள். ஆனந்தம் காபி கொடுத்தாள். எழில்மொழி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து குடித்தாள். அவள் தெரிவித்தது வருத்தம், மன்னிப்பு இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. வழியனுப்ப வாசல்வரை போனேன்.

இந்த வருஷம் ஆவணியிலேயே யோசிக்கத் தொடங்கினேன். யாரையும் மிரட்டக் கூடாது, யாரோடும் சண்டை கூடாது, சங்கத்து வழக்கத்தையும் மீறக் கூடாது. மூன்று முறை கேட்க வேண்டும், முறையாகக் காத்திருக்க வேண்டும். பதில் மட்டும் வரக் கூடாது. அதற்கு ரிப்பீட்டரின் வாய் நன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே இருப்பவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். காதும் மங்கலத்தின் செட்டுகளுக்கு நன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செழியனுக்குச் சந்தேகம் வந்துவிடும். தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரலுக்கு மட்டும் அது செவிடாக வேண்டும். சொல்வதற்குச் சுலபம், செய்து பாருங்கள் தெரியும். நான்கு விதமான ஃபில்டர்களை வரவழைத்தேன். ஒன்று எல்லோருடைய குரலுக்கும் ரிப்பீட்டரைச் செவிடாக்கியது. இன்னொன்று வெயில் ஏறினால் சரியாகக் கேட்டது, மழை பெய்தால் யார் குரலையும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பெட்டி அமைந்தது. ரிப்பீட்டரின் சொந்தக் கத்தலை மட்டும் அது தடுக்கும், பக்கத்துப் பண்பலையின் இரைச்சலைத் தாராளமாக உள்ளே விடும். அந்த இரைச்சலில் பலமான குரல் தப்பிக்கும், மெலிந்த குரல் மூழ்கிவிடும். பொருத்தமில்லாத ஃபில்டர் என்றாரே மதிவாணன். நான் நினைத்த காரியத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எங்கே தேடினாலும் கிடைக்காது.

சோதித்துப் பார்க்காமல் நான் எதையும் போடுவதில்லை. தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஆலைக்குப் போய், பெட்டியை மாட்டிவிட்டு, எழில்மொழியைப் போனில் கூப்பிட்டேன். ரிப்பீட்டரைச் சீர்ப்படுத்திக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் உதவி செய்ய முடியுமா என்று கேட்டேன். விடுமுறை நாளென்றும் பார்க்காமல் நூலகத்தைத் திறந்து செட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க சார், என்ன பண்ணணும்?”

“பத்து வரைக்கும் எண்ணிக்கிட்டே இரும்மா. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்.”

அவள் எண்ணினாள். ரிப்பீட்டர் வழியாகப் பேசும் செட் ஒன்றும், அவளுடைய குரலை நேராகக் காற்றிலிருந்தே பிடிக்கும்படி மாற்றிய செட் ஒன்றுமாக என்னிடம் இரண்டு இருந்தன. முதல் செட்டில் சத்தமே இல்லை. இரண்டாவதில் அவள் குரல் தேய்ந்து, ஆனால் தெளிவாக வந்துகொண்டிருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் திருகாணியைக் கால் சுற்று திருப்புவேன், அவள் மறுபடி எண்ணுவாள். ஒருதரம்கூட அலுத்துக்கொள்ளவில்லை.

“இப்ப கேக்குதா சார்?” என்றாள்.

“நல்லா கேக்குதும்மா” என்று போனில் சொன்னேன். அது பொய் இல்லை. கையிலிருந்த இரண்டாவது செட்டில் நன்றாகக் கேட்டது.

“சார், ஒரு சந்தேகம். பேசி முடிச்சு பட்டன விட்டதும் கிர்ருன்னு ஒரு சத்தம் வருமே, நம்ம பேச்சு போயிருச்சுன்னு. அது இப்ப வரலியே?”

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு வேர்த்துவிட்டது. எம்.எஸ்ஸி. படித்தவள் என்பதை மறந்துவிட்டேன். அந்தச் சத்தம் வீண் இரைச்சல், புது ஏற்பாட்டில் அதை எடுத்துவிட்டேன், இனிமேல் சில நாள் வரும், சில நாள் வராது, பொருட்படுத்த வேண்டாம் என்றேன்.

“அப்ப சரி சார். நீங்க பண்ணுனா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

அன்று மாலையே பெட்டியைக் கழற்றிவிட்டு நல்ல கேவிட்டிகளை மாட்டிவிட்டேன். தினமும் காலையில் எல்லா ஊர் செட்டும் இருக்கிறேன் என்று சொல்லும் பழக்கம் உண்டு. அதில் புன்னைவெளி வராமல் போனால் விஷயம் வெளியே தெரிந்துவிடும். வேண்டிய அன்றைக்கு மட்டும் மாற்றினால் போதும்.

அந்த நாள் கார்த்திகையில் வந்தது. மழை விடாமல் கொட்டி, மங்கலத்து வயல்களில் பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. கரண்ட் இல்லை, செல்போனும் அவிந்துவிட்டது. ஆலைக் கோபுரத்தில் மட்டும் ரிப்பீட்டர் பேட்டரியிலும் பண்பலை ஜெனரேட்டரிலும் ஓடிக்கொண்டிருந்தன. காலையில் எழில்மொழி வழக்கம்போல ரேடியோவில் வந்தாள். கடல் உப்பிக்கொண்டு வருகிறது, ஜனங்களைப் புயல் பாதுகாப்பு மையத்துக்கு ஏற்ற ஆரம்பித்திருக்கிறோம், வயசானவர்களைத் தூக்கிப்போக நேரம் ஆகும் என்றாள். நானும் கேட்டேன், எல்லோரும் கேட்டார்கள். அதன் பிறகு நான் ஆலைக்குப் போய்ப் பெட்டியை மாற்றினேன். பழகிய வேலை.

மத்தியானம் ஷட்டரடிக்குப் போனேன். செழியன் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பெரிய செட்டின் மைக்கைப் பிடித்து நின்றான். மங்கலத்துக்காரர்கள் சிலர் குடையோடு சுற்றி நின்றார்கள். நான் என் இரண்டாவது செட்டை மழைக்கோட்டுக்குள் வைத்து, இயர்போனை ஒரு காதில் மாட்டியிருந்தேன். காது வலிக்குப் பஞ்சு வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

“புன்னைவெளி, புன்னைவெளி. ஷட்டர் தூக்கலாமா? ஆட்சேபணை உண்டா?” என்று செழியன் கேட்டான்.

அவன் மைக்கை விட்ட உடனே என் காதில் ஒரு மூச்சு கேட்டது. அப்புறம் அவள் குரல் வந்தது. “ஆட்சேபணை இருக்குண்ணே. பாதி சனம் இன்னும் ஊருக்குள்ளதான் இருக்கு. தூக்காதீங்க.”

செழியனின் செட்டில் மழைச்சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அவன் காத்திருந்தான். ஒரு வெற்றிலை நேரத்துக்கு மேலேயே காத்திருந்தான், அதற்கு நான் சாட்சி. மறுபடி கேட்டான். அவள் மறுபடி அதையே சொன்னாள், இன்னும் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. மழையில் சரியாகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்திருப்பாள். மூன்றாம் முறையும் கேட்டான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள், சங்கு அவ்வளவு பொறுமையாக ஊதி நான் கேட்டதில்லை.

செழியன் என்னைப் பார்த்தான். “சார், காலைல பேசுன புள்ள இப்ப எப்படி சார் பேசாம இருக்கும்? வண்டிய எடுத்துக்கிட்டு ஒரு எட்டு பாத்துட்டு வந்துரவா?”

“எல்லாரும் மையத்துக்குப் போயிருப்பாங்க. அதான் பதில் இல்ல” என்று குடைக்குள்ளிருந்து யாரோ சொன்னார்.

“செட்டு நல்லாதானே சார் இருக்கு?” என்றான் செழியன்.

“நான் போட்ட செட்டு, செழியன். மூணு தடவை கேட்டாச்சு. தூக்கு.”

அப்போதும் என் காதில் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

செழியன் சக்கரத்தைச் சுற்றினான். சுற்றும்போது அழுதானா, மழையா என்று தெரியவில்லை. அவனை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை, விட்டுவிடுங்கள். தண்ணீர் பெரிய ஓசையோடு கீழே இறங்கியது. குடைக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வயலைப் பார்க்கப் போனார்கள். நான் வடிகால் கரையில் தனியாக நின்றேன். கழற்றியிருக்கலாம், ஆனால் இயர்போனைக் கழற்றவில்லை. ஏனென்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

நூலகத்துக்குள் யாரோ ஓடிவந்து ஷட்டர் தூக்கிட்டாங்களா என்று கேட்டிருக்க வேண்டும். அவள் பட்டனை விடாமல் பிடித்திருந்ததால் எனக்குக் கேட்டது. “யாரும் பயப்படாதீங்க. ஒருத்தர ஒருத்தர் தள்ளாம, பெரியவங்கள பாத்துக் கூட்டிட்டுப் போங்க. நான் ஆட்சேபணை சொல்லிட்டேன். நாம சொல்லிக்கிட்டு இருக்கிற வரைக்கும் தூக்க மாட்டாங்க. நான் எந்திரிச்சா பதில் இல்லன்னு ஆயிரும். நீங்க போங்க, நான் இங்கயே இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றாள்.

பிறகு நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்சேபணை, ஆட்சேபணை என்று. கடைசியில் என்னைக் கூப்பிட்டாள். “எஞ்சினியர் சார், நீங்களாவது லைன்ல இருக்கீங்களா? என் குரல் கேக்குதா சார்?”

என் செட்டில் பட்டனை அழுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குப் போயிருக்கும். ஓடு என்று சொல்லியிருக்கலாம். பட்டன்மேல் விரல் இருந்தது. ஆனால் பதில் சொன்னால் நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம். பிறகு அதுவும் இல்லை. அவளோடு சேர்த்து எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

யாருக்கும் தோன்றுகிற கேள்வியை நீங்களும் கேட்பீர்கள். காரியம் முடிந்ததும் நல்ல கேவிட்டிகளைத் திரும்ப மாட்டியிருந்தால் மதிவாணன் கண்டுபிடித்திருக்கவே மாட்டாரே, ஏன் மாட்டவில்லை என்று. மறுநாளே ஆலைக்குப் போனேன். குழலைக் கையில் எடுத்துவிட்டேன். மாட்டினால் ரிப்பீட்டரின் காது திறந்துவிடும், திறந்தால் அவள் குரல் எல்லா ஊர் செட்டிலும் வந்துவிடும் என்று பயம் வந்தது. முட்டாள்தனம்தான். அந்த நூலகத்தில் ஜன்னல் உயரத்துக்குச் சேறு, செட் எங்கே போயிற்று என்றே தெரியாது. தெரிந்தும் மாட்ட முடியவில்லை, குழலைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மாட்டாமலேயே வருகிறது, மேடம். மின்விசிறி ஓடினால் அதற்கு அடியில் ஒரு மூச்சு. பம்புசெட் ஓடினால் அதற்கு அடியில். இப்போது இந்த அறையில் ஏ.சி. ஓடுகிறதே, இதிலும் இருக்கிறது. ஒரு மூச்சு, அப்புறம் கேக்குதா சார் என்று ஒரு கேள்வி. போன வாரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஆனந்தம் வந்து, “யார்கிட்ட கேக்கறது கேக்கறதுன்னு சொல்லிண்டிருக்கேள்?” என்று கேட்டாள். நான் பேசியதே எனக்குத் தெரியவில்லை. எந்த இரைச்சலையும் எனக்கு வெட்டத் தெரியும். இதை எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது.

பயிர் பிழைத்துவிட்டது. அடுத்த மாதம் அறுப்பு. ஆனந்தம் வரப்புப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

ஆட்சேபணையை மூன்று முறையும் நான் கேட்டேன். கேட்டுக்கொண்டேதான் தூக்கச் சொன்னேன். இப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் பிடிபடவில்லை. புயல் மையம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தண்ணீர் ஏறுவது ஜன்னல் வழியாகத் தெரிந்திருக்கும். அவளை யாரும் பிடித்துவைக்கவில்லை. அவ்வளவு படித்த பெண், அந்த நாற்காலியை விட்டு ஏன் எழுந்து போகவில்லை என்பது மட்டும் எனக்கு இன்றுவரை புரியவில்லை.